இரண்டு காய் தள்ளி

பாய் தன்னுடைய கருவாடு சேர்த்துவைக்கும் கிட்டங்கியைக் காலி செய்து, தரையைக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து, நடுவில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசையைக் கொண்டுவந்து போட்டபோது எங்கள் தீவின் துறைமுகத்தில் பலர் சிரித்தார்கள். கடலோரத்தில் மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து அதை மலிவாக எடுத்திருந்தார். பல வருடம் சவுதியில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். "கடல் இல்லாத நாள்ல இவனுக எங்கன போவானுக? ஒண்ணு பிராந்திக் கடைக்கு, இல்ல எங்கிட்ட" என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. விசைப்படகுகளுக்கு எங்கள் பக்கம் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கடல். போகாத நாட்களில் மாலை நாலு மணிக்கே மேசையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். எத்தனை முறை கழுவியும் கருவாட்டு வாசனை மட்டும் போகவில்லை. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் சுவர் ஈரம் கொண்டால் அது மறுபடியும் கிளம்பி வரும்.

கிட்டங்கிக்கு நாலு கட்டிடம் தள்ளி இருக்கும் ஐஸ் கம்பெனியில் நான் கணக்கு எழுதுகிறேன். அதற்கு முன் வளைகுடாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் தொழிலாளர் முகாமில் இருந்தேன். அங்கே பொழுதுபோக்குக் கூடத்தில் ஒரு மேசை கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் ஆடக் கற்றுக்கொண்டேன். பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் பாயின் கிட்டங்கிக்கு வந்தவர்களில் ஒருவரும் அதற்கு முன் குச்சியைத் தொட்டதில்லை. அதனால் நான் ஜெயித்தேன்.

தோற்றவர் மேசை வாடகை கொடுத்து, இருவருக்கும் டீயும் வடையும் வாங்க வேண்டும். சனிக்கிழமை என்றால் பரோட்டா. வருடக்கணக்கில் என் மாலை டீக்கு நான் காசு கொடுத்ததில்லை. ஒருமுறை ராமநாதபுரத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தபோது, மாடியில் குளிர்சாதன வசதியோடு ஒரு பில்லியர்ட்ஸ் கூடம் இருப்பதைப் பார்த்து ஏறினேன். ஒரு கல்லூரிப் பையன் என்னை அங்கிள், அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டே தொடர்ந்து தோற்கடித்தான். மறுநாள் பாயின் கிட்டங்கியில் ஓர் ஆட்டோக்காரரை ஜெயித்து அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்தேன். அதன்பிறகு அந்த மாடிப் பக்கம் நான் போகவில்லை.

ஆட்டம் எளிதானது. ஏழு காய் முழு நிறம், ஏழு காய் நடுவில் பட்டை போட்டவை, ஒன்று கறுப்பு. ஒருவருக்கு முழுசு, மற்றவருக்குப் பட்டை. வெள்ளைக் காயைக் குச்சியால் அடித்து, அதைக் கொண்டு நம் காயைத் தட்டிக் குழியில் விழச்செய்ய வேண்டும். தன் ஏழையும் போட்டவர் கடைசியாகக் கறுப்பைப் போட்டால் ஜெயித்தார். நடுவிலேயே கறுப்பைப் போட்டுவிட்டால் அந்த நிமிடமே தோற்றார். பந்து என்று சொல்ல வேண்டியதைக் கேரம் பழக்கத்தில் எல்லாரும் காய் என்றார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

இதில் கிட்டங்கிக்கென்று ஒரு வழக்கம் உண்டானது. பலம் குறைந்தவர், ஆட்டம் தொடங்கும் முன் தன் காய்களில் ஒன்றையோ இரண்டையோ எடுத்துவிடச் சொல்லலாம். ஏழு போட வேண்டியவர் ஐந்து போட்டால் போதும். அதற்குக் காய் தள்ளுவது என்று பெயர். முழுசா பட்டையா என்பதையும் கேட்பவரே அப்போது சொல்லிவிடலாம். ஆனால் பலமான ஆள் தானாக முன்வந்து தள்ளித் தரக் கூடாது. அது கன்னத்தில் அறைவதற்குச் சமம். கேட்பவர் எல்லாருக்கும் கேட்கும்படி வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் மறுக்க முடியாது. ஒருமுறை கேட்டவர் அதன்பிறகு அந்த மேசையில் யாரோடும் சரிசமமாக ஆடவும் முடியாது. இது கடலிலிருந்து வந்த பழக்கம் என்பார் பாய். நடுக்கடலில் வயர்லெஸ்ஸில், "நாங்க எங்கன நிக்கிறோம்" என்று அடுத்த படகைக் கேட்டுவிட்ட டிரைவரைக் கரைக்கு வந்தபின் ஒருவரும் டிரைவராக மதிப்பதில்லை. கேட்டது கேட்டதுதான்.

படகு ஓட்டுகிறவரை எங்கள் பக்கம் டிரைவர் என்றுதான் சொல்வோம். என்னிடம் தோற்றவர்களில் ஒருபோதும் காய் தள்ளக் கேட்காத ஒருவர் இருந்தார். அவரும் ஒரு டிரைவர்தான். தீவின் கத்தோலிக்க மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். படகுச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். இவருடைய இப்போதைய சம்மாட்டி, பழைய சம்மாட்டியின் மகன். அப்பன் காலத்திலிருந்து ஒரே வீட்டுப் படகை ஓட்டியதால் இளைய சம்மாட்டி இவரை அண்ணே என்றும், இவர் அவரைத் தம்பி என்றும் கூப்பிடுவார்கள்.

"கேளேன் மச்சான். ரெண்டு காய் தள்ளுனா கணக்கர் என்ன செத்தா போயிருவாரு?" என்பார் ஆட்டோக்காரர்.

"நீ கேளு. நீ பொறக்கும்போதே தள்ளிவிட்ட காய்தானே" என்பார் டிரைவர்.

தோற்றதும் குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "பாய், கணக்கருக்கு டீ. சீனி தூக்கலா. எனக்குச் சீனி இல்லாம. ஏற்கெனவே உடம்புல சீனி, ஐஸ் கம்பெனி ஐஸ் அளவுக்குக் கெடக்கு" என்பார். எனக்கு அவரோடு ஆடுவது பிடித்திருந்தது. மற்றவர்கள் தோற்கும்போது சத்தம் போட்டார்கள், அல்லது மேசையைக் குறை சொன்னார்கள். மேசையில் குறை இருந்தது உண்மைதான். கிழக்கு மூலைக்கு அது கொஞ்சம் சரியும். நான் ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒரு காலுக்கடியில் அட்டை மடித்து வைத்திருந்தேன். டிரைவர் அந்தச் சரிவையும் கணக்கில் சேர்த்து ஆடினார். நீரோட்டத்துக்குத் தக்கபடி ஓட்டுவதுபோல என்று ஒருநாள் சொன்னார்.

கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி வர்ணம் அடிப்பார்கள். ஐஸ் கம்பெனியிலும் மோட்டார் ஓடாது. நாங்கள் எல்லாருமே சும்மா இருப்போம். அந்த நாட்களில்தான் சம்மாட்டிகள் அடுத்த பருவத்துக்கான ஆட்களை உறுதி செய்து முன்பணம் கொடுப்பார்கள். போன வருடத் தடைக்காலம் பாதி கடந்தும் டிரைவருக்கு முன்பணம் வரவில்லை என்று பாய் என்னிடம் மெல்லச் சொன்னார். நான் அதற்கு முன்பே ஒன்றைக் கவனித்திருந்தேன்.

டிரைவர் என் காய்களைப் போட ஆரம்பித்திருந்தார். முதலில் எல்லாரும் சிரித்தோம். "கணக்கர் கஷ்டப்படக் கூடாதுன்னு மச்சான் கூலிக்கு ஆடுறாரு" என்றார் ஆட்டோக்காரர். பட்டை போட்டதையும் போடாததையும் அவர் மாற்றி அடித்தார். சன்னலுக்கு எதிர்ப்பக்கம் நின்று அடிப்பதைத் தவிர்த்தார். அடிக்கும் முன் மேசையை ஒருமுறை சுற்றி வந்தார். முன்னெல்லாம் சுற்றி வந்ததில்லை. குழியின் வாயில் நிற்கும் காயை விட்டுவிட்டுத் தூரத்துக் காயை அடித்தார். அவருடைய குச்சி எப்போதும்போல நேராகத்தான் போயிற்று. கை நடுங்கவில்லை. காய் இல்லாத இடத்தை நோக்கி நேராகப் போயிற்று, அவ்வளவுதான்.

கச்சான் காற்று பலமாக வீசி மேசைத் துணியெல்லாம் மணலாகக் கிடந்த ஒரு மாலை, நான் பிரஷ்ஷால் தட்டி முடித்துவிட்டு அவரோடு சேர்ந்து நடந்தேன். படகுகள் கரையேறி நின்ற இடம் வந்ததும் அவராகவே நின்றார்.

"என்னத்தையோ கேக்கணும்னு நிக்கிறீங்க. கேளுங்க கணக்கரே."

"கண்ணா?"

"மதுரைக்குப் போய்ப் பாத்தேன். சீனி கண்ணுக்கு ஏறிருச்சுங்குறாங்க. லேசர் வச்சாங்க. எடது கண்ணு இருட்டு. வலது, நனைஞ்ச வலைக்குள்ள இருந்து பாக்குற மாரி." சொல்லிவிட்டுப் படகின் பக்கவாட்டைத் தடவினார். புது வர்ணம் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல இருந்தது.

"சம்மாட்டிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வீலுக்குப் பக்கத்துல நிக்க விடுவாரா? என் மச்சினன் படகுல கூட வாரான்ல, அவன்தான் ஸ்கிரீனப் பாத்துச் சொல்லுவான். எல்லைக் கோடு எங்கன, ஆழம் எம்புட்டுன்னு. நான் திருப்புவேன். போன பருவம் பூரா அப்படித்தான் ஓடுச்சு."

"ஒண்ணும் ஆகலையே?"

ஒரு நாய் படகுக்கடியில் காற்றுக்கு ஒதுங்கிப் போனது. பிறகு அவர் சொன்னார். பருவத்தின் கடைசியில், விடியற்காலையில் கரைக்குத் திரும்பும்போது, மச்சினன் வலை அள்ளப் பின்பக்கம் போயிருந்த கொஞ்ச நேரத்தில், முன்னால் ஒரு சின்ன நாட்டுப்படகு, வள்ளம், நின்றிருக்கிறது. மூன்று பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில்தான் இவர் திருப்பினார். வள்ளத்தின் வலை அறுந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

"அந்த வலைக்கு மறுநாளே போய்ப் பணம் குடுத்துட்டேன். தம்பிகிட்டச் சொல்லணும்னுதான் தெனம் நெனைக்கிறேன். அவரு வீட்டு வாசல் வரைக்கும் போறேன். வாய் வரமாட்டேங்குது." கொஞ்சம் நடந்தபின், "வீலை விட்டா நான் கரையில யாரு?" என்று கேட்டார். தேவாலய மணி அடித்தது. அவர் சிலுவை போட்டுக்கொண்டு தன் தெருவுக்குத் திரும்பினார்.

தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது இளைய சம்மாட்டி கிட்டங்கிக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காராமல் என்னைச் சன்னல் பக்கம் கூப்பிட்டார்.

"நம்ம அண்ணன் எப்படி ஆடுறாரு?"

"குச்சி நேராப் போகுது."

"நான் குச்சியக் கேக்கலங்க." அவர் குரல் கோபமாக இல்லை. "வள்ளத்துக்காரங்க பேச்சு எனக்கும் வந்துச்சு. ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கிட்டு வாங்கன்னு நான் அவரப் பாத்துச் சொல்ல முடியுமா? என்னையத் தூக்கிட்டுப் போயிக் கடலக் காட்டுன ஆளு. அதான் உங்களக் கேக்குறேன். தெனமும் எதிர்ல நிக்கிறீங்க."

"அதை அவருதான் சொல்லணும்" என்றேன்.

"சொல்ல மாட்டாரு. அஞ்சு பேரு ஏறுற படகுங்க அது."

அவர் சொன்னதில் தவறில்லை. அந்த நேரத்தில் வாசலில் டிரைவர் வந்து நின்றார். வெளிச்சத்திலிருந்து உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் அங்கே ஒரு கணம் நிற்பார்கள். அவர் அதைவிட நேரம் நின்றார். பிறகு குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டார்.

"தம்பியா?"

"ஆமாண்ணே. சும்மா வந்தேன். நீங்க ஆடுங்க, நான் பாக்குறேன். பரோட்டா இன்னைக்கு என் செலவு."

"தோத்தவன்தான் வாங்கணும். மேசைச் சட்டம்."

நாலைந்து பேர் இருந்தார்கள். எப்போதும் வாயாடும் ஆட்டோக்காரர் ஒரு மூலையில் போய்ப் பலகைமேல் உட்கார்ந்துகொண்டார். பாய் காய்களை முக்கோணச் சட்டத்துக்குள் அடுக்கினார். நான் குச்சியின் முனையில் சாக் தேய்த்துக்கொண்டு மேசையைப் பார்த்தேன். என்னால் என்ன செய்ய முடியும் என்று கணக்குப் போட்டேன். அவருக்கு எளிதான காய்களைக் குழியோரம் கொண்டுபோய் நிறுத்தலாம். அது அவருக்கு உதவாது. குழியோரக் காயைத்தான் அவர் பார்ப்பதே இல்லை. நானே வேண்டுமென்று தோற்கலாம். அப்படித் தோற்றால் அந்தப் படகு கடலுக்குப் போகும். விடியலில் வேறொரு வள்ளம் நிற்கும். இரண்டு பக்கமும் எனக்கு வழி தெரியவில்லை. சட்டத்தை எடுத்துவிட்டு, ஆட்டத்தைத் தொடங்கக் குனிந்தேன்.

"கணக்கரே, நில்லுங்க."

நிமிர்ந்தேன்.

"ரெண்டு காய் தள்ளுங்க. எனக்கு முழுசு."

அவர் அதைச் சத்தமாகத்தான் சொன்னார். என்னிடம் சொல்லும்போது அவர் முகம் சம்மாட்டி நின்ற பக்கம் இருந்தது. ஆட்டோக்காரர் எழுந்து, "மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். கேட்டால் மறுக்கக் கூடாது. நான் அடுக்கைக் கலைத்து, மஞ்சளையும் சிவப்பையும் எடுத்துச் சன்னல் மேடையில் வைத்தேன். பாய் மிச்சத்தை மறுபடி அடுக்கினார். ஒரு காய் அவர் விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. குனிந்து எடுத்துத் தன் சட்டையில் துடைத்தார்.

நான் எப்போதும் ஆடுவதுபோலவே ஆடினேன். வேறு எப்படி ஆடினாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். அவர் இரண்டு காய் போட்டார். ஒன்று மேசையின் முழு நீளத்துக்கும் ஓடி மூலைக் குழியில் விழுந்த அடி. சம்மாட்டியின் முகம் ஒரு கணம் தெளிந்ததைப் பார்த்தேன். அவரும் அந்தப் பேச்சு பொய்யாக இருக்கட்டும் என்றுதான் வந்திருப்பார்.

அடுத்த முறை டிரைவர் மேசையைச் சுற்றி வந்து, ஓரத்தில் கை வைத்து, நீல முழுசுக்குக் குறி பார்ப்பதுபோலக் குனிந்தார். அவர் குறி பார்த்த காய் நீலம் இல்லை. நீலம் அதற்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஆட்டத்தின் நடுவில் எதிராளிக்கு வாய் திறந்து சொல்லக் கூடாது. ஒருவரும் சொல்லவில்லை. அடித்தார். சுத்தமான அடி. காய் நடுக்குழியில் விழுந்து உள்ளே உருண்டது.

"விழுந்துச்சா?" என்றார்.

"விழுந்துச்சு" என்றார் பாய்.

"எது?"

பாய் என்னைப் பார்த்தார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் எதிரில் ஆடுகிறவன்.

"கறுப்பு" என்றேன்.

அவர் தலையாட்டினார். குச்சியைச் சுவரில் சாய்த்தார். அது சரியாக நிற்கவில்லை. சறுக்கி விழப்போனதைச் சம்மாட்டி பிடித்து நிறுத்தினார். "பாய், பரோட்டா சொல்லுங்க. எல்லாருக்கும்" என்றார் டிரைவர். சம்மாட்டியும் நின்றுகொண்டே ஒரு பரோட்டாவைப் பிய்த்துத் தின்றார். பாதியில் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அழைப்பு மணி எதுவும் எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து, "அண்ணே, நாளைக்கு வீட்டுக்கு வாங்க. பேசுவோம்" என்றார்.

"வாரேன், முதலாளி" என்றார் டிரைவர்.

முதலாளி என்று அவர் கூப்பிட்டதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. இளைய சம்மாட்டியும் கேட்டதில்லை என்று அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

தடை முடிந்து படகுகள் இறங்கிய காலையில் நான் ஐஸ் ஏற்றிவிடப் படகுகள் அணையும் பாலத்தில் நின்றிருந்தேன். அந்தப் படகின் வீலில் மச்சினன் இருந்தான். டிரைவர் கரையில் நின்று கயிற்றை அவிழ்த்துவிட்டார். சம்மாட்டி அவரைக் கரை வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். படகு வரும்போது கயிறு பிடிப்பது, வலையை இறக்குவது. மாதச் சம்பளம் உண்டு. மீனில் பங்கு கிடையாது. ஊரில் இன்னும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறார்.

முன்பெல்லாம் படகுகள் கடலுக்குப் போயிருக்கும் நாட்களில் கிட்டங்கி காலியாகக் கிடக்கும். தோற்க ஆள் இல்லாததால் நானும் போகமாட்டேன். இப்போது அந்த நாட்களில் அவர் வருகிறார். கடலுக்குப் போகாத நாட்களில் வருவதில்லை. நான் வேலை முடிந்து போகும்போது சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். நாங்கள் இருவரும் ஆடுகிறோம். தோற்று, வாடகை கொடுத்து, டீ வாங்குகிறார். நான் ஒருமுறை டீக்குக் காசு கொடுக்கப் பைக்குள் கை விட்டபோது, "நான் ஜெயிச்சா குடுங்க" என்றார். அதன்பிறகு கை விட்டதில்லை.

காய்களை அடுக்கிவிட்டு நான் காத்திருப்பேன். என்ன கேட்கப் போகிறார் என்று தெரிந்தாலும் அவர் கேட்கும்வரை நான் எதையும் எடுப்பதில்லை. போன வாரம் வாடைக்காற்று தொடங்கிச் சுவரில் ஈரம் ஏறியிருந்தது. கருவாட்டு வாசனை வந்தது. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கிட்டங்கியில் எங்கள் இருவரைத் தவிர ஒருவரும் இல்லை. அவர் குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றார். எல்லாருக்கும் கேட்கும்படி கேட்க வேண்டும் என்பது வழக்கம். கேட்க ஒருவரும் இல்லாத இடத்தில் அவர் அதைச் சத்தமாகவே கேட்டார்.

"கணக்கரே, மூணு தள்ளுங்க."

மூன்றையும் எடுத்துச் சன்னல் மேடையில் வரிசையாக வைத்தேன். பிறகு குனிந்து ஆட்டத்தைத் தொடங்கினேன்.